லீடை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

கேள்வி:
நான் பல்கலைக்கழகத்தில் இதழியல் இளங்கலை, மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கட்டணத்துக்காக மாலையில் ஒரு வேலை பார்க்கிறேன். மாணவர் பத்திரிகையிலும் எழுதுகிறேன். போன வருடம் எங்கள் வளாகத்தில் இரவு நேரத் துப்புரவுப் பணியாளர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வராததைப் பற்றி எழுதினேன், அப்புறம் அவர்களுக்குப் பணம் வந்தது. ஒன்றரை வருடத்தில் 14 உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தேன். 13 இடத்தில் இல்லை என்றார்கள், ஓரிடத்தில் பதிலே இல்லை. என் மதிப்பெண் நடுத்தரம்தான். விண்ணப்பித்த பட்டியலையும் என் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்? விருதுப் போட்டிகளில் கலந்துகொண்டால் வாய்ப்பு கூடுமா? சிலவற்றில் நுழைவுக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டலாமா? பெரிய நிறுவனம் ஒன்று இதழியல் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதை வாங்கினால் நாளைக்கு அவர்களைப் பற்றி எழுத முடியாமல் போகுமோ என்று பயமாக இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் கேட்கவும் எனக்கு நெருக்கமான பேராசிரியர் யாரும் இல்லை.

பதில்:
அன்புள்ள மாணவிக்கு,

முதலில் உங்கள் கடிதத்தைப் படித்தேன், அப்புறம் கட்டுரையை. கட்டுரையை முடித்ததும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். துப்புரவுப் பணியாளர்களைக் காணோம். கடிதத்தில் ஒரே வரியில், போகிற போக்கில் சொன்ன அந்த விஷயம், இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. அதற்குப் பதிலாக இப்படித் தொடங்குகிறது: "சிறு வயதிலிருந்தே குரலற்றவர்களின் குரலாக ஒலிக்க வேண்டும் என்பது என் கனவு."

செய்தி அறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, பிறகு பாடம் நடத்தப் போனவன் நான். நடுவில் சில உதவித்தொகைத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த "சிறு வயதிலிருந்தே" வாக்கியத்தைக் கட்டுக் கட்டாகப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்த வரியில் நீங்கள் இல்லை. யார் எழுதினாலும் அது அப்படியேதான் இருக்கும். பயிற்சி நிருபர் முக்கியமான தகவலை ஒன்பதாவது பத்தியில் வைத்துக் கொண்டுவந்தால் செய்தியைத் திருத்தும் எங்கள் டெஸ்க்கில் கேட்பார்கள்: "லீடை எங்கேப்பா ஒளிச்சு வச்சிருக்கே?" லீட் என்றால் முக்கியமான தகவலோடு தொடங்கும் முதல் பத்தி. உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன்.

தேர்வுக் குழு கூடும் அறை எப்படி இருக்கும் என்று யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. அதைச் சொன்னாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நான்கைந்து பேர் இருப்பார்கள். எல்லாருக்கும் வேறு வேலை உண்டு, பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு கட்டு விண்ணப்பத்தை வீட்டிலேயே படித்து மதிப்பெண் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு விண்ணப்பத்துக்குச் சில நிமிடம் கிடைத்தாலே அதிகம். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சில் உங்கள் பெயர் யாருக்கும் நினைவில் இருக்காது. "அந்த ஆஸ்பத்திரி கணக்கு எழுதின பையன்", "மீன்பிடிப் படகுல போன பொண்ணு" என்றுதான் சொல்வார்கள். ஒரே மூச்சில் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல முடிகிற விண்ணப்பம்தான் அந்த மேஜையில் தாக்குப்பிடிக்கும். உங்களுக்காக வாதாட யாராவது ஒருவர் தயாராக இருந்தாலும், அவர் கையில் நீங்கள் ஒரு துருப்புச்சீட்டைக் கொடுத்திருக்க வேண்டும். "கனவு உள்ள பொண்ணு" என்று சொல்லி யாரும் வாதாட முடியாது. "சம்பளப் பாக்கியை வெளியே கொண்டுவந்த பொண்ணு" என்றால் அறையில் இரண்டு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் முதல் பத்தி இந்த மாதிரி இருக்கலாம். தகவல்களை நீங்கள் சரிபார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நான் கடிதத்தில் உள்ளதோடு கொஞ்சம் ஊகத்தையும் சேர்த்து எழுதுகிறேன்:

"எங்கள் வளாகத்தில் இரவில் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது, என் மாலை வேலை முடிந்து திரும்பும்போது அவர்களில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைச் செய்தியாக எழுத எனக்கு இத்தனை வாரம் ஆனது. இத்தனை பேரிடம் பேசினேன். நிர்வாகம் முதலில் மறுத்தது. செய்தி வெளியான இத்தனையாவது நாள் பாக்கி பட்டுவாடா ஆனது."

கவனித்தீர்களா, இதில் "என் செய்தியால்தான் பணம் வந்தது" என்று சொல்லவில்லை. அது உண்மையாக இருக்கலாம். தொழிற்சங்கம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்திருக்கலாம், தணிக்கை வந்திருக்கலாம். உங்களால் நிரூபிக்க முடிவது தேதி மட்டும்தான். தேதியைப் போட்டுவிட்டு நிறுத்துங்கள், மீதியைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார். நிரூபிக்க முடியாததைச் சொல்லாமல் விட்டவர் என்று ஒரு பழைய செய்தி ஆசிரியர் உங்களுக்கு அங்கேயே மனதுக்குள் மதிப்பெண் போடுவார். அப்புறம், பேட்டி கொடுத்த பணியாளர்களின் பெயரை மறைத்துத்தான் செய்தி வெளியிட்டீர்கள் என்றால், விண்ணப்பத்திலும் மறைத்தே வையுங்கள். விண்ணப்பம் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பட்டியல். 14 இடத்துக்கும் ஒரே கட்டுரை போயிருக்கிறது, முகவரி மட்டும் மாறியிருக்கிறது. அதிலும் சிலவற்றுக்கு நீங்கள் விண்ணப்பித்தே இருக்க வேண்டாம். பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகை உங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறது. அது முதுகலைக்கானது. கையில் இளங்கலைப் பட்டம் இருக்க வேண்டும், சுமார் இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவியின் விண்ணப்பத்தை அங்கே யாரும் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸில் முதல் ஆண்டைத் தொடங்கும் எராஸ்மஸ் முண்டுஸ் இதழியல் படிப்பும் அப்படித்தான், முதுகலை. ஆனால் அதை அடித்துவிடாதீர்கள், பட்டம் வாங்கிய பிறகு மறுபடி பாருங்கள். ஆக, 13 தோல்வி என்று நீங்கள் எண்ணுவதில் சில, ஆட்டத்திலேயே சேராதவை. மனதைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தகுதி விதிகளை முழுக்கப் படிக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள் என்று சொல்கிறேன்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். துப்புரவுப் பணியாளர் செய்தியை எழுதும்போது நீங்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பீர்கள், எத்தனை காகிதத்தைப் புரட்டியிருப்பீர்கள்! விண்ணப்பம் என்று வந்ததும் அந்த நிருபர் எங்கே போனார்? உதவித்தொகை விண்ணப்பமும் ஒரு ரிப்போர்ட்டிங் வேலைதான். பணம் யாருடையது? எதற்காகக் கொடுக்கிறார்கள்? யார் நினைவாக? போன மூன்று வருடத்தில் யாருக்குக் கிடைத்தது, அவர்கள் என்ன எழுதியிருந்தார்கள்? தேர்வு செய்வது யார், பத்திரிகையாளர்களா, பேராசிரியர்களா, ஓர் அறக்கட்டளையின் குடும்பத்தாரா? இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஓவர்சீஸ் பிரஸ் கிளப் ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. அந்த நாட்டுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு, வெளிநாட்டுச் செய்தி சேகரிப்பில் இறங்க விரும்புகிறவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அவற்றில் பல, பழைய வெளிநாட்டு நிருபர்களின் பெயரில் அமைந்தவை. அங்கே போய் "இதழியல் என் உயிர்மூச்சு" என்று எழுதினால் பயனில்லை. ஏதாவது ஒரு நாட்டை, ஒரு பிரச்சினையை எடுத்து, அதில் என்ன செய்தி இருக்கிறது, அதை எப்படித் தேடிப் போவீர்கள் என்று எழுதினால்தான் எடுபடும். யார் நினைவாக வைத்த உதவித்தொகையாக இருந்தாலும் அந்த மனிதர் எழுதியதில் இரண்டையாவது தேடிப் படியுங்கள். அவரைப் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை, தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் எதைப் பற்றிக் கவலைப்பட்டாரோ அதற்குப் பக்கத்தில் உங்கள் வேலையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

பெரிய பெயர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பணத்தை நீங்கள் தொடவே இல்லை. உங்கள் துறையிலேயே, பல்கலைக்கழக நிதி உதவி அலுவலகத்திலேயே சின்னச் சின்ன அறக்கொடைகள் இருக்கும். முன்னாள் மாணவர் ஒருவர் வைத்தது, ஓய்வுபெற்ற பேராசிரியர் வைத்தது, உள்ளூர்ப் பத்திரிகையாளர் சங்கம் வைத்தது. தொகை சின்னது என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் உட்கார்ந்த ஒரு குழுவில் ஒரு வருடம் வந்த விண்ணப்பங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். "போன வருடம் யாரும் வாங்காமல் கிடந்தது ஏதாவது இருக்கிறதா?" என்றே கேளுங்கள். அறிவியல், சுகாதாரம், சுற்றுச்சூழல், தரவு இதழியல், புகைப்படம், விளையாட்டு என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு, பலவற்றில் மாணவர்களுக்கு ஏதாவது வைத்திருப்பார்கள். உங்கள் செய்தி தொழிலாளர் பற்றியது. அந்தப் பக்கமும் தேடுங்கள்.

இனி விருது. நீங்கள் உதவித்தொகையையும் விருதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உதவித்தொகை கொடுப்பவர் இனிமேல் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று பார்க்கிறார், விருது கொடுப்பவருக்கு நீங்கள் செய்து முடித்ததுதான் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு செய்தியைச் செய்து முடிக்கப் பணம் தருவது. வாஷிங்டனில் உள்ள புலிட்சர் சென்டர், தன்னோடு இணைந்த பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு அப்படி ரிப்போர்ட்டிங் ஃபெல்லோஷிப் தருகிறது. (புலிட்சர் பரிசு கொடுப்பது இவர்கள் அல்ல. அது கொலம்பியா பல்கலைக்கழகம். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. நேர்காணலில் இதைக் குழப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.) உங்களைப் போல் செய்தி மோப்பம் உள்ள, ஆனால் மதிப்பெண் பட்டியல் நடுத்தரமான ஆளுக்கு இந்த மூன்றாவது வகை நன்றாகப் பொருந்தும். அங்கே மதிப்பெண்ணைவிட யோசனைக்குத்தான் எடை.

விருது உதவித்தொகைக்கு உதவுமா என்றால், உதவும். ஆனால் கோப்பையை விட அதற்காகச் செய்யும் தயாரிப்புதான் அதிகம் உதவும். போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றால் செய்தி வெளியாகியிருக்க வேண்டும், தேதி தெரிய வேண்டும், எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். அதெல்லாம் தயாராக இருந்தால் உதவித்தொகை விண்ணப்பம் பாதி முடிந்த மாதிரி. அமெரிக்காவில் 1960 முதல் நடக்கும் ஹெர்ஸ்ட் இதழியல் விருதுகள் கல்லூரி மாணவர்களுக்கானவை. அதில் மாணவர் நேரடியாக அனுப்ப முடியாது, இதழியல் துறைதான் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பரிசு வாங்கினால் மாணவரின் துறைக்கும் பணம் போகும். இந்த மாதிரிப் போட்டிகளில் முதல் நடுவர் உங்கள் சொந்தத் துறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உங்கள் துப்புரவுப் பணியாளர் செய்தி தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், கூச்சப்படுகிற ஆள் நீங்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் சங்கமான எஸ்பிஜே நடத்தும் 'மார்க் ஆஃப் எக்ஸலன்ஸ்' மாணவர் விருதுகள் வேறு மாதிரி, வட்டார அளவில் ஜெயித்தவை தேசிய அளவுக்குப் போகும். மிசௌரி பல்கலைக்கழகம் நடத்தும் 'காலேஜ் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' புகைப்படக்காரர்களுக்கு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், இவற்றின் விதிப் பக்கங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். நல்ல போட்டி எதைக் கேட்கும் என்று பிடிபடும்.

மாணவர் பத்திரிகையில் எழுதியதை யார் மதிப்பார்கள் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. ஸ்டான்ஃபோர்டில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த தியோ பேக்கர் என்ற மாணவர், தன் பல்கலைக்கழகத் தலைவரின் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருந்த படங்கள் பற்றிய சந்தேகங்களை மாணவர் நாளிதழில் எழுதினார். 2023-இல் அவருக்கு, அமெரிக்காவின் பெயர்பெற்ற இதழியல் விருதுகளான ஜார்ஜ் போல்க் விருதுகளில் ஒரு சிறப்பு விருது கிடைத்தது. அந்த விருதை வாங்கியவர்களில் மிக இளையவர் அவர்தான். அதே ஆண்டு ஜூலையில் அந்தத் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். எங்கேயோ போர்முனைக்குப் போய் எழுதியதல்ல, தான் படிக்கிற இடத்தைப் பற்றியே எழுதியது. உங்கள் செய்தியும் அந்த வகைதான். அளவு வேறு, அவ்வளவுதான்.

ஒரு சின்ன வேலை, இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் செய்திகள் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி, அச்சில் வந்திருந்தால் பக்கம் முழுவதும். மாணவர் பத்திரிகைகளின் இணையதளங்கள் நிர்வாகம் மாறும்போதெல்லாம் காணாமல் போகும், இணைப்பு செத்துவிடும். பல போட்டிகள் ஒரு காலண்டர் ஆண்டுக்குள் வெளியானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தேதியைக் காட்ட முடியாவிட்டால் போட்டியில் சேர முடியாது.

நுழைவுக் கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்ல முடியாது. புலிட்சர் பரிசுக்கே 75 டாலர் கட்டணம் உண்டு. மாணவர்களுக்கான நல்ல போட்டிகளிலும் சின்னக் கட்டணம் இருக்கலாம், துறையோ மாணவர் பத்திரிகையோ கட்டிவிடும், கேட்டுப் பாருங்கள். ஆனால் உதவித்தொகைக்குப் பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். "செயலாக்கக் கட்டணம்", "பதிவுத் தொகை", "உத்தரவாதம், கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்", இவையெல்லாம் ஒரே கும்பலின் பேச்சு. நீங்கள் விண்ணப்பிக்காத பரிசு உங்களுக்கு விழுந்திருக்கிறது என்று கடிதம் வந்தால் சிரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தை விண்ணப்பத்திலேயே கேட்பவர்களையும் நம்பாதீர்கள். கலந்துகொண்ட எல்லாரையும் "இறுதிச் சுற்று" என்று சொல்லி, கோப்பைக்கும் விருந்துக்கும் தனியாகப் பணம் வசூலிக்கும் விருதுகளும் இருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரே வழி, போன வருடம் வென்றவர் பெயரைத் தேடி, அவருக்கே எழுதிக் கேட்பது. பெயரே கிடைக்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் கட்டுரையில் ஓரிடம் உறுத்தியது. "மாணவர் பத்திரிகையின் புலனாய்வுப் பிரிவை வழிநடத்தினேன்" என்று இருக்கிறது. கடிதத்தில் "பத்திரிகையிலும் எழுதுகிறேன்" என்கிறீர்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேர்? நீங்கள் ஒருவர்தான் என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். ஜேனட் குக் கதையை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். வாஷிங்டன் போஸ்ட்டில் எட்டு வயது ஹெராயின் அடிமைச் சிறுவனைப் பற்றி எழுதி 1981-இல் புலிட்சர் வாங்கி, அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்து திருப்பிக் கொடுத்தவர். வகுப்பில் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, அது எப்படிப் பிடிபட்டது என்பதை. செய்தியில் ஓட்டை கண்டுபிடித்து அல்ல. பரிசு அறிவித்ததும் அவருடைய கல்வி விவரங்கள் வெளியாயின. அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகையின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்களிடம் உள்ள விவரத்தோடு பொருந்தவில்லையே என்று கேட்டார்கள். வாங்காத பட்டம் ஒன்று அதில் இருந்தது. அந்த நூலைப் பிடித்து இழுத்ததில்தான் மீதியெல்லாம் அவிழ்ந்தது. உங்களுடையது அந்த அளவுக்குப் போகிற பொய் இல்லைதான். ஆனால் தேர்வுக் குழுவில் உட்கார்பவர்கள் வாழ்நாள் முழுக்க மிகைப்படுத்தலைச் சீவித் தள்ளியவர்கள், அவர்கள் மூக்குக்கு அது உடனே எட்டும்.

நிறுவனப் பணம் பற்றிய உங்கள் பயம் எனக்குப் பிடித்திருக்கிறது. 13 தடவை இல்லை என்று கேட்ட பிறகும் அந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கிறது பாருங்கள். ஆனால் பணத்தின் பூர்வீகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் எதையுமே வாங்க முடியாது. இன்றைக்கு இதழியலின் மிகப் பெரிய பரிசு யார் பெயரில் இருக்கிறது? ஜோசப் புலிட்சர். மாணவர்களுக்கான பெரிய விருது? வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். 1890-களில் நியூயார்க்கில் விற்பனைக்காக இந்த இரண்டு முதலாளிகளும் போட்ட சண்டையில்தான் 'மஞ்சள் பத்திரிகை' என்ற பெயரே வந்தது! அந்தப் பணத்தில்தான் எத்தனையோ நேர்மையான நிருபர்கள் படித்தார்கள், பரிசு வாங்கினார்கள். அதனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதோடு, பணத்தோடு சேர்ந்து என்ன வருகிறது என்றும் பாருங்கள்.

ஒப்பந்தத்தை முழுக்க வாங்கிப் படியுங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்? பல்கலைக்கழகமோ தனியான ஒரு குழுவோ தேர்ந்தெடுத்து, நிறுவனம் காசோலை மட்டும் எழுதுகிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது என்றால் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் படத்தையும் பெயரையும் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் உரிமை கேட்கிறார்களா? அவர்களிடமே கட்டாயப் பயிற்சி என்று இருக்கிறதா? நிறுவனத்தைப் பற்றிப் பாதகமாகப் பேசக்கூடாது என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா? எழுதியதை முன்கூட்டியே காட்ட வேண்டுமா? கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள், தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி. எஸ்பிஜே-யின் நெறிமுறை, பரிசுகளையும் சலுகைகளையும் மறுக்கச் சொல்கிறது, தவிர்க்க முடியாத முரண்பாடு இருந்தால் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. இரண்டாவது பாதியைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். வாங்கினால், மாணவர் பத்திரிகை ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பயோடேட்டாவில் மறைக்காமல் போடுங்கள். நாளைக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு தகவல் உங்கள் கைக்கு வந்தால், கோப்போடு வேறொரு நிருபரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். செய்தி வெளியே வந்தால் போதும், பைலைன், அதாவது எழுதியவர் பெயர், உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் முழுக்க முழுக்க எழுத விரும்புவதே அந்தத் துறையைப் பற்றித்தான் என்றால், எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் படித்துவிட்டுச் சுற்றுச்சூழல் நிருபர் ஆவது போல என்றால், வேண்டாம். ஒவ்வொரு செய்தியின் அடியிலும் விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க முடியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு நெருக்கமான பேராசிரியர் தேவையே இல்லை. உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஆள் வேண்டும். "வகுப்புக்குத் தவறாமல் வருவார், பண்பானவர்" என்று பெரிய பதவியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதங்கள் விண்ணப்பத்தை அமுக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்தியை அச்சுக்குப் போகும் முன் திருத்தியது யார்? மாணவர் பத்திரிகைக்கு ஆலோசகராக ஓர் ஆசிரியர் இருப்பாரே, அவர்தானா? அவரிடம் கேளுங்கள். கெடுவுக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் கேளுங்கள். "வலுவாக எழுத முடியுமா?" என்று கேளுங்கள், தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஒப்புக்கொண்டால், செய்தியின் பிரதி, உதவித்தொகை அறிவிப்பு, அந்தச் செய்தியில் நீங்கள் பட்ட பாட்டைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு, மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் மாலை வேலையின் மேற்பார்வையாளரும் இரண்டாவது கடிதத்துக்கு நல்ல தேர்வுதான். வேலையும் பார்த்துக்கொண்டு, கெடு தவறாமல் எழுதியும் கொடுக்கிற மாணவி என்று வெளியாள் ஒருவர் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

பணத் தேவையைச் சொல்லும் பகுதியில் கண்ணீர் வேண்டாம், கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள், கட்டணத்தில் எவ்வளவு இடிக்கிறது, இந்தத் தொகை கிடைத்தால் எத்தனை மணி நேரம் மிச்சமாகும், அந்த நேரத்தில் எந்தச் செய்தியைத் தேடிப் போவீர்கள். நான்கே வரி. மதிப்பெண்ணுக்குச் சமாதானம் சொல்லி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள், இந்த நான்கு வரியே பதில் சொல்லிவிடும்.

செயற்கை நுண்ணறிவை வைத்துக் கட்டுரை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, உங்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: விதிகளைப் பாருங்கள், பலர் தடை செய்திருக்கிறார்கள். தடையே இல்லாவிட்டாலும் அது உங்களுக்கு இன்னொரு "சிறு வயதிலிருந்தே"வைத்தான் எழுதிக் கொடுக்கும்.

கிடைத்த பிறகு வரும் ஒரு சிக்கல், பலருக்குத் தெரியாது. சில பல்கலைக்கழகங்கள், வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் தாங்கள் தரும் உதவியில் அந்த அளவைக் குறைத்துவிடும். ஒரு கையில் வந்தது இன்னொரு கை வழியாகப் போய்விடும். கடனைக் குறைக்கிறார்களா, மானியத்தைக் குறைக்கிறார்களா என்று நிதி உதவி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் செலவுக்கு என்று வருகிற பணத்துக்குச் சில நாடுகளில் வரியும் உண்டு.

சரி, இந்தப் பருவத்தில் 14 வேண்டாம், ஐந்து போதும். துறைக்குள் இரண்டு, தொழிலாளர் செய்தி தொடர்பாக வெளியே இரண்டு, ஒரு ரிப்போர்ட்டிங் ஃபெல்லோஷிப். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை, எல்லாவற்றிலும் அதே துப்புரவுப் பணியாளர்கள். பதில் வராத அந்த ஒரு இடத்துக்கு இரண்டு வரியில் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை என்றுகூட இருக்கலாம். இல்லை என்று சொன்ன இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, எதில் குறைந்தது என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், ஆனால் சொல்கிற ஒருவர் கிடைத்தால் அது லாபம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? நிர்வாகம் தானாகக் கொடுத்திருக்காது. பணியாளர்கள் தங்கள் வங்கிப் புத்தகத்தைக் காட்டினார்களா, ஒப்பந்தக்காரரின் ஆள் யாராவது பேசினாரா, பதிவேடு கைக்கு வந்ததா? கடிதத்திலும் இல்லை, கட்டுரையிலும் இல்லை. அதை எழுதுங்கள், இரண்டாவது பத்தியில்.